மொதல்ல சாவியக் குடுங்க

வண்டி வந்து நின்றதும் பாவாத்தாள் பானெட்டைத் திறக்கச் சொல்வதில்லை. நேராக டிரைவர் கதவுப் பக்கம் போய் நின்று கையை மேலே நீட்டுவார்.

"மொதல்ல சாவியக் குடுங்க."

"அக்கா, ரெண்டு நாளா ஹாரன் அடிச்சா லைட்டு மங்குதுங்க. செல்ப் எடுத்தாலும்..."

"சாவிங் கண்ணு."

சாவி கைக்கு வந்ததும் அதை முந்தானை நுனியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்வார். "இப்பச் சொல்லுங்க, என்ன பண்ணுது?" என்று அதற்குப் பிறகுதான் கேட்பார். வேலை முடியும்வரை யாருக்கும் சாவி திரும்பக் கிடைக்காது. டீ குடிக்கப் போகும் டிரைவர் கேபினைப் பூட்ட வேண்டுமென்றால் பாவாத்தாளே கூட வந்து பூட்டிக் கொடுப்பார். ஒருமுறை போலீஸ் ஜீப்பை ஓட்டிவந்தவர் முறைத்தார். "மொறச்சாலுஞ் சாவி வேணுமுங்க சார்" என்று நீட்டிய கையை எடுக்காமல் நின்றார் பாவாத்தாள். ஜீப்காரர் சிரித்துவிட்டுக் கொடுத்தார்.

காரமடையில் மேட்டுப்பாளையம் சாலையோரம், ஒரு டீக்கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவே தகரக் கூரை போட்ட கடை. பலகையில் 'சென்னியப்பன் ஆட்டோ எலக்ட்ரிக்கல்ஸ்' என்று இருக்கிறது. அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. ஊட்டி உருளைக்கிழங்கு ஏற்றிவரும் லாரிக்காரர்கள் முதல் சூலூரிலிருந்து தேடிவரும் போர்வெல் வண்டிக்காரர்கள் வரை எல்லோருக்கும் அது அக்கா கடை. சேலைக்கு மேலே காக்கிச் சட்டை, காதோரம் செருகிய மெல்லிய உப்புத்தாள், நகக்கண்ணில் போகாத கரி. குரல் மட்டும் சன்னமாக இருக்கும். அதைக் கேட்க டிரைவர்கள் குனிய வேண்டியிருக்கும்.

சிறுமுகையில் நெய்த சேலைகளை மூட்டை கட்டிக் காந்திபுரத்துக் கடைகளுக்குக் கொண்டுபோகும் பழைய டீசல் வேன் ஒன்று என்னிடம் உண்டு. அதன் புண்ணியத்தில் பாவாத்தாளைச் சில வருடங்களாக அறிவேன். வேன் பழையது என்பதால் நன்றாகவே அறிவேன்.

அவருக்குக் கோபம் வரும் விஷயங்கள் சில உண்டு. இன்ஜினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்ட்டர்னேட்டர் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கூடப் போடாதவர்களைக் கண்டால் வரும். பேட்டரி முனையில் பூத்த வெள்ளை உப்பை மாதக்கணக்கில் அப்படியே விட்டவர்களைக் கண்டால் வரும். வெந்நீர் ஊற்றி அந்த உப்பைக் கழுவி, துடைத்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவி முடிக்கும்வரை அவர் வாய் எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கும். "இத்தன பெரிய லாரி ஓடறது இந்த ரெண்டு முனையிலதானுங்க. மொகத்தக் களுவறீங்க, இதக் களுவ மாட்டீங்களா?" சேஸிஸில் வெல்டிங் வைக்கப் போகிறவர்களிடம் பேட்டரி ஒயரையும் ஆல்ட்டர்னேட்டர் ஒயரையும் கழற்றிவிட்டீர்களா என்று ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுத்தான் அனுப்புவார்.

ஆனால் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி ஒயரில் யாராவது கை வைத்தால் அது கோபம் இல்லை. அப்போது அவர் முகம் வெளுத்துவிடும். பாய்ந்து வந்து அந்தக் கையைத் தட்டிவிடுவார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வார்.

"தண்ணி பாயற வாய்க்கால்ல மடைய அடைச்சுப்போட்டா என்னாகுமுங்க? கரைய ஒடச்சுக்கிட்டுத்தான போகும்? ஆல்ட்டர்னேட்டர்ல இருந்து வர்ற கரண்டு பேட்டரிக்குள்ள பாயுது. ஓடறப்ப அந்த ஒயரப் புடுங்கினா அதுக்குப் போக எடமில்லீங்க. உள்ள இருக்கற டயோடக் கருக்கிப்போடும். அது போனாக்கூட மாத்திக்கலாமுங்க."

எது போனால் மாற்ற முடியாது என்று அவர் சொல்வதில்லை. கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரை ஒருமுறை பார்ப்பார். கேட்டவர்களும் பார்ப்பார்கள்.

அவர்தான் சென்னியப்பன், பாவாத்தாளின் வீட்டுக்காரர். கறுப்புக் கண்ணாடி, வெள்ளை வேட்டி, சிரித்த வாய். கழற்றிய ஆல்ட்டர்னேட்டர் ஒவ்வொன்றும் முதலில் அவர் மடிக்குத்தான் போகும். புல்லியைச் சுழற்றிவிட்டுக் காதோரம் வைத்துக்கொள்வார். "முன் பேரிங் அரைக்குது பாவாத்தா." மூக்கருகே கொண்டுபோவார். "வார்னிஷ் கருகுன வாசம் வருது. காயில் போயிருச்சு." எல்லா நாளும் சரியாகச் சொல்வார் என்றில்லை. தவறிப்போனால் பாவாத்தாள் மறுத்துப் பேசமாட்டார். "அதையும் பாத்துப்போடலாமுங்க" என்று வேறு பக்கம் கழற்றத் தொடங்குவார்.

சென்னியப்பனுக்குக் கண் போனது தொண்ணூற்றிரண்டில். மழை விட்ட ஒரு மத்தியானம். உருளைக்கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்றது. ஓட்டிவந்தவர் ஆறுச்சாமி. அந்தக் கடையின் பழைய வாடிக்கை, சென்னியப்பனை அண்ணா என்று அழைப்பவர். ரெகுலேட்டர் கெட்டு ஆல்ட்டர்னேட்டர் அளவில்லாமல் சார்ஜ் ஏற்றியதில் பேட்டரி கொதித்துக்கொண்டிருந்தது. இன்ஜினை ஓடவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்த சென்னியப்பன், மூடிகளைத் திறந்துவிட்டுத் தண்ணீர் மட்டத்தைக் குனிந்து பார்த்தார். மார்க்கெட்டுக்கு நேரமாகிறது என்ற அவசரம் ஆறுச்சாமிக்கு. ஆல்ட்டர்னேட்டருக்கு முந்தைய டைனமோ வண்டிகளை ஓட்டியவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைப் பிடுங்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணையாமல் எரிந்தால் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். ஆறுச்சாமியும் மறுபக்கத்திலிருந்து கையை விட்டு அப்படித்தான் பிடுங்கினார். ஒரு பொறி பறந்தது. கொதித்த பேட்டரியிலிருந்து கிளம்பியிருந்த வாயு அந்தப் பொறியில் பற்றிக்கொண்டு, பேட்டரி மேல்பாகத்தோடு வெடித்து, உள்ளிருந்த ஆசிட் சென்னியப்பன் முகத்தில் அடித்தது.

கடைக்குப் பின்னால்தான் வீடு. பாவாத்தாள் அப்போது தறிக்காரர்களுக்கு நூல் தார் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். லாரி டயர் வெடித்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாராம். அப்புறம் வீட்டுக்காரரின் குரல் கேட்டது. டீக்கடைத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"கண்ணத் தொறங்க, கண்ணத் தொறங்கன்னு கத்தறனுங்க. அவரு ரெண்டு கையையும் வெச்சு அழுத்திக்கிட்டாரு. அந்தக் கைய என்னால விலக்க முடியலீங்க. அத்தன பலம்." இதை என்னிடம் சொன்னபோது தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார்.

அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு எதிரே வந்த வண்டியை மறித்து ஏற்றியது ஆறுச்சாமிதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் இருட்டும்வரை நின்றிருந்தாராம். பிறகு அவரைக் காணவில்லை.

இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் உருவம் தெரியாது, வெளிச்சம் மட்டும் தெரியும் என்றார் டாக்டர். கடை கொஞ்ச காலம் பூட்டிக் கிடந்தது. ஒருநாள் சென்னியப்பன் ஒரு பழைய ஆல்ட்டர்னேட்டரை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். பாவாத்தாள் அதை வாங்கிக் கீழே வைத்து, "எதுலருந்து கழட்டறதுங்க? நீங்க சொல்லுங்க, நாங் கழட்டறேன்" என்றார். அப்படித்தான் தொடங்கியது. நூல் சுற்றிப் பழகிய விரல்களுக்குச் செம்புக் கம்பி சுற்றுவது சீக்கிரம் பிடிபட்டது. மற்றதெல்லாம் சிரமம்தான். தவறாக இணைத்துக் கருக்கியவை எத்தனையோ. பொம்பளை கைவைத்த வண்டி எனக்கு வேண்டாம் என்று திரும்பிப் போனவர்களும் உண்டு. அவர்களில் சிலர் இப்போது சாவியைக் கையில் எடுத்துக்கொண்டே இறங்கிவருகிறார்கள்.

ஆறுச்சாமியின் பெயரை அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. சென்னியப்பன் மனதில் வன்மம் இல்லாததால் பேசவில்லை என்று நினைக்கிறேன். பாவாத்தாள் பேசாததற்குக் காரணம் வேறு.

காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக அவர் ஒன்று செய்வார். இரண்டு கிளிப் வைத்த ஒயரின் நடுவே சின்ன பல்பு ஒன்று. எங்கே மின்சாரம் வருகிறது, எங்கே வரவில்லை என்று பார்க்க எலக்ட்ரீஷியன்கள் எல்லோரும் வைத்திருக்கும் டெஸ்ட் லேம்ப்தான். மேசைக்கடியில் இருக்கும் பேட்டரியில் அதை மாட்டி, வீட்டுக்காரரின் கண்ணாடியைக் கழற்றி, வலது கண்ணுக்கு எதிரே பிடிப்பார்.

"தெரியுதுங்களா?"

"தெரியுது. மஞ்சளா."

டாக்டர் சொல்லி அனுப்பியது அது. வெளிச்சம் தெரிகிறவரை வழி இருக்கிறது, காயம் நன்றாக ஆறட்டும், பின்னால் ஆபரேஷன் செய்து பார்க்கலாம், வெளிச்சம் தெரியாமல் போனால் மறுநாளே கூட்டிவந்துவிடுங்கள் என்றிருந்தார். வருடா வருடம் அந்த ஆபரேஷன் தள்ளிப்போனது. கண்ணில் ரணம் வரும், ஆறும், மறுபடி வரும். ஆனால் காலையில் "மஞ்சளா" என்ற ஒரு வார்த்தை கேட்டால் போதும், பாவாத்தாள் அன்றைக்கு முழுக்க ஓடுவார்.

போன தை மாதம் என் வேனுக்குப் பெல்ட் மாற்றப் போயிருந்தேன். வேலை பாதியில் இருக்கும்போது, ரேடியேட்டரிலிருந்து ஆவி கக்கிக்கொண்டு ஒரு லாரி வந்து ஓரங்கட்டியது. பாவாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டு கதவுப் பக்கம் போனார். "மொதல்ல சாவிய..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார்.

கேபினில் நரைத்த தாடியோடு ஒருவர். சாவியை உருவியவர் கீழே நீட்டவில்லை.

"என்ன வேணும்?" என்றார் பாவாத்தாள்.

கடைக்கு வந்து நாய்மேல் கல் எறியும் ஆளிடம்கூட "எறியாதீங்க" என்று சொல்கிறவர். அவர் 'ங்க' போடாமல் பேசி அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

"பேன் பெல்ட்டு அந்துபோச்சுங்க்கா. ரயில்வே கேட்டுத் தாண்டினதும் செவப்பு லைட்டு எரிஞ்சுது. வேற கடைக்குப் போயர்லாம்னுதான் பாத்தனுங்க. இன்ஜின் கொதிச்சிருச்சு."

பாவாத்தாள் சாவியை வாங்கிக்கொண்டு பானெட் பக்கம் போனார்.

"ஆரு பாவாத்தா?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

"லாரிங்க."

"லாரின்னு தெரியுது. ஆருன்னு கேட்டேன்."

டிரைவர் இறங்கி மெதுவாக நடந்துவந்து, நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அண்ணா" என்றார்.

சென்னியப்பன் முகத்தை நிமிர்த்தினார். "ஆறுச்சாமியா? அட, வா சாமி. கீழ ஏன் உக்காந்திருக்கற? குரல் அங்கிருந்து வருது. மேல உக்காரு."

ஆறுச்சாமி எழுந்திருக்கவில்லை. "இந்த ரோட்டுல எத்தனையோ லோடு போயிருக்கறனுங்ணா. கடைகிட்ட வந்தா கால் தன்னால ஆக்சிலேட்டர அமுக்கிப்போடுதுங்ணா. ஹாரன்கூட அடிக்கறதில்லீங்ணா. சத்தத்த வெச்சு நாந்தான்னு கண்டுபுடிச்சிருவீங்கன்னு..." துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"சரி, உடு. நீ வேணுமின்னா செஞ்ச? டைனமோ வண்டி ஓட்டுன பழக்கம். நானும் அப்பிடிப் புடுங்கிப் பாத்திருக்கறன். எனக்கு அன்னிக்கு வெடிக்கல, அவ்வளவுதான்."

"ரெண்டு கண்ணும் சுத்தமாப் போச்சுன்னு சொன்னாங்ணா."

"எவன் சொன்னான்? இந்தக் கண்ணுல வெளிச்சம் நல்லாத் தெரியும். ஆபரேஷன் வெச்சா சரியாப் போயிரும்னு டாக்டரு சொல்லியிருக்கறாரு. பாவாத்தா, அந்த லேம்ப எடுத்துட்டு வா. இவனுக்குக் காட்டலாம்."

பாவாத்தாள் லாரிக்கு எடுத்த பெல்ட்டை என் கையில் கொடுத்துவிட்டு வந்தார். பேட்டரியை வெளியே இழுத்தார். ஒரு கிளிப்பை மாட்டினார். சென்னியப்பன் தானே கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார். பல்பை அவர் கண்ணுக்கு எதிரே பிடித்த பாவாத்தாள், இரண்டாவது கிளிப்பை மாட்டவில்லை. அது அவருடைய இடது கை விரல்களுக்கிடையே, பேட்டரி முனைக்குக் கொஞ்சம் மேலே, அப்படியே நின்றது. பல்பு எரியவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

மறக்கவில்லை. பிற்பாடு அவரே சொன்னார். "தெரியலைன்னு அவரு வாயால வரோணும், அதக் கேட்டு அவன் நோகோணும்னு இருந்துச்சுங்க. ஒரு நொடிதானுங்க. அப்பறம் மாட்டி எரிய வெச்சிருப்பேன்."

"தெரியுதுங்களா?" என்று கேட்டார்.

"தெரியாம என்ன? மஞ்சளாத் தெரியுது." சென்னியப்பன் சிரித்தார். "நீயே பாரு ஆறுச்சாமி, எப்பிடி எரியுதுன்னு."

ஆறுச்சாமி பல்பைப் பார்த்தார். பிறகு பாவாத்தாளின் விரலிடுக்கில் தொங்கிய கிளிப்பைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தை. பாவாத்தாள் யாரையும் பார்க்கவில்லை. உதடு மட்டும் ஏதோ கேட்க வருவதுபோல் லேசாகத் திறந்திருந்தது. பஞ்சர் கடைக்காரர் டயரைச் சுத்தியால் தட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம்கூட நின்றுவிடாதா என்று இருந்தது எனக்கு.

"ஆமாங்ணா" என்றார் ஆறுச்சாமி. "நல்லாத்தான் எரியுதுங்ணா."

பாவாத்தாள் பல்பைக் கீழிறக்கினார். கண்ணாடியை எடுத்து வீட்டுக்காரருக்கு மாட்டிவிட்டார். லாரிப் பக்கம் போய்ப் புதுப் பெல்ட்டை மாட்டினார், கட்டைவிரலால் அமுக்கி இறுக்கம் பார்த்தார், ஆல்ட்டர்னேட்டர் போல்ட்டைத் திருகினார். பெல்ட்டோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பேட்டரி முனைகளுக்கு வெந்நீர் ஊற்றித் துடைத்து, கிரீஸ் தடவி, தொய்ந்து உரசிக்கொண்டிருந்த ஒயர் ஒன்றையும் எடுத்துக் கட்டினார். அத்தனை நேரமும் வாய் ஒரு சொல் சொல்லவில்லை.

லாரி கிளம்பும்போது சாவியை நீட்டினார். ஆறுச்சாமி அதை வாங்கி இரண்டு கைகளுக்கும் நடுவே வைத்துக்கொண்டு நின்றார்.

"நானு..." என்றார்.

"போயிட்டு வாங்க" என்றார் பாவாத்தாள்.

மறுநாள் கடை திறக்கவில்லை. வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார். டாக்டர் விளக்கை இப்படியும் அப்படியும் அடித்துப் பார்த்துவிட்டு, உள்நரம்பு போய்விட்டது, இனி ஆபரேஷனால் பயன் இல்லை என்றார். முன்னாலேயே வந்திருந்தால் என்று பாவாத்தாள் கேட்டார். சொல்ல முடியாதம்மா என்று அவர் சீட்டை எழுதிக்கொண்டே சொன்னாராம். பஸ்ஸில் திரும்பி வரும்போது பாவாத்தாள் கேட்டிருக்கிறார்.

"எப்பருந்துங்க?"

"ஆடி நோம்பிக்கு முன்னாடியே. கொஞ்சங் கொஞ்சமா மங்குச்சு. ஒருநா காத்தால ஒண்ணுமே இல்ல."

"ஏன் சொல்லலீங்க?"

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம். "தெரியுதுன்னு சொன்னதும் நீ ஒரு மூச்சு உடுவ பாத்தியா. அதக் கேக்காம எப்பிடிக் காலைல எந்திரிக்கறது?"

இதை என்னிடம் சொல்லும்போது பாவாத்தாள் ஆல்ட்டர்னேட்டர் கார்பன் பிரஷ் ஒன்றை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. தேய்த்துத் தேய்த்து அந்தப் பிரஷ் உதவாமல் போகும்வரை தேய்த்தார். "பாருங்க, கெடுத்துப்போட்டேன்" என்று அதைத் தூர எறிந்துவிட்டு இன்னொன்றை எடுத்தார்.

"நெதமும் அவரு பொய் சொல்லச் சொல்லக் கேட்டுட்டு, சந்தோசமா ஓடியிருக்கறனுங்க" என்றார்.

ஆறுச்சாமி இப்போது வாரம் ஒருமுறையாவது வருகிறார். வண்டியில் கோளாறு இருக்கிறதோ இல்லையோ, நிறுத்துகிறார். சென்னியப்பனுக்கு எதிரே உட்கார்ந்து ஊட்டி மலையில் எந்த வளைவில் சாலை சரிந்திருக்கிறது, மார்க்கெட்டில் கிழங்கு என்ன விலைக்குப் போகிறது என்று சொல்வார். பாவாத்தாள் டீ சொல்லி அனுப்புவார். இரண்டு டம்ளர்தான் வரும், ஒன்று வீட்டுக்காரருக்கு, ஒன்று ஆறுச்சாமிக்கு. அவருடன் உட்கார்ந்து குடிக்க இவருக்கு இன்னும் மனம் வரவில்லை. வராமலே போகலாம்.

போன வாரம் காந்திபுரத்துக்குச் சீக்கிரமே மூட்டை இறக்க வேண்டியிருந்ததால் கடை திறக்கும் நேரத்துக்கே போய்விட்டேன். பாவாத்தாள் என்னைக் கவனிக்கவில்லை. வீட்டுக்காரரின் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, டெஸ்ட் லேம்ப்பைக் கையில் எடுத்தார். இனி இது எதற்கு என்று எனக்குத் தோன்றியது. வழக்கமாக ஒரு முழம் தள்ளிப் பிடிப்பவர், அன்று பல்பை வலது கண் இமையைத் தொட்டும் தொடாமலும் கொண்டுபோனார். கிளிப்பை மாட்டினார். எதுவும் கேட்கவில்லை.

சென்னியப்பன் அசையாமல் இருந்தார். சற்றுப் பொறுத்து, "எரியுது" என்றார்.

பாவாத்தாள் கிளிப்பை எடுத்தார். காத்திருந்தார்.

"அணைஞ்சிருச்சு."

மறுபடி மாட்டினார். சாலையில் ஒரு பஸ் வேகமாகப் போனது. அதன் காற்று கடைக்குள் அடித்தது. அந்தக் காற்றில் பல்பின் சூடு கலைந்துவிடாதபடி, பாவாத்தாள் இன்னொரு கையைக் குவித்து அவர் முகத்தருகே அணைவாகப் பிடித்துக்கொண்டார்.